ஏற்றாத கூண்டு

சென்னையிலிருந்து செய்தி வந்தால்
இரண்டாம் எண் கூண்டை ஏற்றுவேன்.
இறக்கச் சொன்னால் இறக்குவேன்.
மற்ற நேரமெல்லாம்
கடலூர் துறைமுக அலுவலக வாசலில்
கம்பத்தின் நிழல் நகர நகர
நாற்காலியை நகர்த்திக்கொண்டிருப்பவன் நான்.

கூண்டென்றால் உள்ளே என்ன இருக்கும்
என்று கல்யாணமான புதிதில் கேட்டாள் சௌந்தரி.
ஒன்றுமில்லை, கம்பியும் கறுப்புப் பெயின்டும் என்றேன்.
அதற்கா இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றாள்.

போன ஐப்பசியில் ஒரு தாழ்வுநிலை
ஆந்திராப் பக்கம் போய்விட்டது.
காலை எட்டரைக்கு இறக்கச் சொல்லிவிட்டார்கள்.
கப்பியில் கயிறு சிக்கிக்கொண்டது.
துரு. உப்புக்காற்றில் வேறென்ன விளையும்.
நெல்லிக்குப்பத்திலிருந்து ஃபிட்டர் வந்து சேர
மணி மூன்று.

அதுவரை
வராத புயலுக்குள் இருந்தது ஊர்.
சோனாங்குப்பத்தில் படகுகளை இன்னும் மேலே இழுத்துக் கட்டினார்கள்.
ஜக்கரியா மளிகையில் மெழுகுவர்த்தி தீர்ந்தது.
நர்சரி பள்ளிக்கு அரைநாள் விடுமுறை.
கடலோ
தின்றுவிட்டுப் படுத்த நாய்போலக் கிடந்தது.
அஞ்சாப்புலி அதைப் பார்த்தார்,
நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர்.
‘கமுக்கமா இருக்கு பாரு. ராத்திரி வெச்சுக்கும்.’
முந்தின வாரம் இதே தண்ணீரைத்தான்
நல்ல தண்ணி என்றார்.

கயிறு சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று
வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.
தலையாட்டிவிட்டு
மறுபடி அண்ணாந்து கூண்டைப் பார்த்தார்கள்.

அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.
பிறகு ஒருநாள், ஏதோ டீ குடிக்கையில்,
வயிற்றில் ஒரு கனம்.
வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள்
கம்பம் வெறும் கம்பம்.
அதையும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்
நான் எழுதாத வரியை:
பயமில்லை, போய் வா.
அப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.
சென்னையும் சொன்னதில்லை.

சாப்பிடும்போது நான் பேசாவிட்டால்
குழம்பு சரி என்று அவளும்
அவள் பேசாவிட்டால்
எல்லாமே சரி என்று நானும்
பதினோரு வருடம்.
யார் போட்ட உத்தரவு, எந்தக் கோப்பில் இருக்கிறது,
தேடினால் கிடைக்காது.

பரங்கிப்பேட்டைக்கு அவள் போய் இருபது நாளாகிறது.
அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்றுதான் போனாள்.
நம்பினேன் என்று சொல்வதுகூடத் தப்பு,
நம்புவதற்கு முன்னால்
ஒரு கேள்வியாவது வந்திருக்க வேண்டும்.
போனில் சாப்பிட்டாயா என்றால்
‘ம்’ என்கிறாள்.
‘ம்’ எத்தனையாம் எண்?

பின்கட்டுக் கொடியில் அவள் புடவை ஒன்று,
ஊதாவில் பொடிக்கட்டம்,
மறந்து விட்டுப் போனதா
விட்டுவிட்டுப் போனதா,
காற்றடித்தால் என் பக்கம் ஆடுகிறது
நிற்கிறது
எடுத்து மடித்து வைக்கவும் கை வரவில்லை.

இன்று வானம் கழுவிவிட்டாற்போல.
செய்தி எதுவும் இல்லை.
விடிகாலையில் முகத்துவாரத்தை நோக்கிப் போகும்போது
அஞ்சாப்புலி இன்ஜின் சத்தத்தைக் குறைத்து
வெறும் கம்பத்தைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேனா என்று ஞாபகமில்லை.
ஆட்டியிருந்தால்
அதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டு போனாரோ.