வரவு

காய்ச்சல் இறங்கி ஏழு மாதம்.
போகிறபோது மூக்கையும் கையோடு
கூட்டிக்கொண்டு போய்விட்டது.
எனக்கு இப்போது மல்லிகையும் மண்ணெண்ணெயும்
ஒரே தண்ணீர்.

தேவகோட்டையில் ஒரு நாட்டுமருந்துக் கடை.
நூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைக்கு நான் பொறுப்பு.
முதலாளி வயிரவனுக்குத் தெரியாது.
தெரிந்தால் என்ன செய்வாரென்று
எனக்கும் தெரியாது.

சமாளிக்கிறேன்.
சித்தரத்தை கடித்தால் காதுவரை ஏறும்.
அதிமதுரம் தயங்கித்தான் இனிக்கும்,
முதலில் வெறும் குச்சி.
கடுக்காயைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன்,
முழுகினால் மூட்டைக்குள், மிதந்தால் வியாபாரிக்கே.
வசம்பின் கணுக்களை விரலால் எண்ணலாம்.
விளக்கு வைத்தபின் வருகிறவர்கள்
அந்தப் பேரை வாயால் எடுப்பதில்லை,
"பேர் சொல்லாதது ஒரு துண்டு" என்பார்கள்,
பிள்ளைக்கு வயிறு உப்பலாம்.
கொடுப்பேன்.

பறங்கிச் சாம்பிராணிதான் என்னைச் சோதிக்கிறது.
மஞ்சள் கண்ணீர்போல் மூட்டையில் கிடக்கும்,
பாதி உண்மை, பாதி வேறேதோ மரத்துப் பிசின்.
கடைவாய்ப் பல்லுக்கிடையில் ஒரு மணி வைப்பேன்.
நல்ல சரக்கு முதலில் நொறுங்கும்,
பிறகு மனசு மாறி
ஒன்றோடொன்று சேர்ந்து மெழுகாகும்,
எச்சில் பாலாகும்.
பொய்ச் சரக்கு மாவாகவே இருந்து
பல்லைப் பழிக்கும்.
ஒரு மூட்டைக்கு முப்பது மணியாவது கடிப்பேன்.
மத்தியானச் சோறும் அதே ருசி, அதாவது ஒன்றுமில்லை.

"கம்ப்யூட்டர் சாம்பிராணி இல்லையா அக்கா?"
இதைக் கேட்காத நாளில்லை.

ஆத்தங்குடியிலிருந்து முத்திருளாண்டி வந்தார்.
கல்லுப் பட்டறையில் கண்ணாடிமேல் சாயம் ஊற்றுகிறவர்.
இருபத்தெட்டு வருசம் குத்தவைத்து ஊற்றிய பூவெல்லாம்
ஊரார் வீட்டுத் தரையில் இருக்கிறது,
வலி மட்டும் அவர் வீட்டில்.
"முட்டிக்குப் பறங்கிச் சாம்பிராணிப் பொடி கேக்குதாம்,
கால் கிலோ போடு."

வேறென்ன மாத்திரை, என்றேன்.
சட்டைப் பையிலிருந்து கசங்கிய அட்டை வந்தது:
மதுரையில் நெஞ்சுக்குக் கம்பி வைத்தது,
ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒன்று.
அப்படியென்றால் உள்ளுக்கு வேண்டாம்,
அந்த டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.
"மூலிகைதானேம்மா, என்ன பண்ணிடும்?"
எட்டியும் மூலிகைதான், என்றேன்.

கோபித்துக்கொண்டார். போகவில்லை.
நொச்சித் தழை கொடுத்தேன், வதக்கி
துணியில் முடிந்து ஒத்தடம் வைக்க.
அதற்குக் காசு வாங்கவில்லை,
கண்மாய்க் கரையில் கேட்பாரில்லாமல் வளர்வது.

சாயங்காலம். தணலில் ஒரு மணி போட்டிருந்தேன்.
முடிச்சைக் கட்டியபடி சொன்னார்:
"புதுச் சரக்கா? நேத்தெல்லாம் இந்த வாசம் கிடையாதே."
எப்படி இருக்கிறது? ஏன் கேட்டேனோ.
அவர் கண்ணை மூடினார்.
"நார்த்தங்காய்த் தோலைச் சூட்டுக் கல்லில் போட்டா
ஒரு கசப்பு எழும்புமே,
அதுக்குப் பின்னாடி
ஈரச் சிமெண்ட்டு."

ஈரச் சிமெண்ட் அவர் சட்டையிலிருந்துகூட வந்திருக்கலாம்.
இருந்தாலும் பேரேட்டில் எழுதிக்கொண்டேன்.
அன்றிலிருந்து எல்லோரையும் கேட்கிறேன்.
சனிக்கிழமை தூபத்துக்கு வாங்கவரும்
கோயில்பிள்ளை சவரிராயன், "தவக்கால வெள்ளி" என்றார்.
நாச்சம்மை வீட்டு மருமகள்,
தலைக்கு ஊற்றிய பிள்ளையின் உச்சி என்றாள்.
சைக்கிளில் வந்த பொடியன் யோசிக்கவே இல்லை:
"பென்சில் சீவுன குப்பை."

முத்திருளாண்டி மறு வாரம் வந்தார்.
"டாக்டரும் வேணாம்னுட்டாரு," என்றார்,
அது என் குற்றம்போல.
முட்டி எப்படி? "இருக்கு."

மாசக் கடைசியில் முதலாளி
பேரேட்டைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.
ஆத்தங்குடி முத்திருளாண்டி. நொச்சி, பற்று இல்லை.
நார்த்தங்காய்த் தோல், ஈரச் சிமெண்ட்: வரவு.

"இதென்ன வரவு?" என்றார்.

விளக்கு வைத்தாகிவிட்டது.
பேர் சொல்லாதது, என்றேன்.