பயசா, புச்சா

தண்டையார்பேட்டை மலேரியா கிளினிக்கில்
பதினோரு வருஷமாய் விரல் குத்துகிறேன்.
ஒரு சொட்டு, கண்ணாடி, சாயம்.
எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினால்
சிவப்பணுவுக்குள் ஒரு வளையம்,
ஓரத்தில் கல் பதித்தாற்போல் ஒரு புள்ளி.
பதிவேட்டில் 'வைவாக்ஸ்' என்று எழுதுவேன்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற தேசப்பனுக்கு வைவாக்ஸ்.
கொருக்குப்பேட்டை கேட் பக்கம்
மாவு மில் வைத்திருக்கும் சுலைகாவுக்கு வைவாக்ஸ்.
கம்பி கட்ட ஒடிசாவிலிருந்து வந்த பிபினுக்கு,
அவன் சொன்னதை நானும்
நான் சொன்னதை அவனும் பாதி புரிந்துகொண்டு,
அதே வைவாக்ஸ்.

போன மழைக்கு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். நிலோஃபர்.
தடித்த காகித அட்டைகள் கொடுத்து
ஆளுக்கு இன்னொரு சொட்டு கேட்டாள்.
"இன்னாக்கா, ரத்தத்த விக்கிறியா?" என்றான் தேசப்பன்,
விரலை நீட்டிக்கொண்டே.

எட்டு மாதம் கழித்துக் கணக்கு வந்தது.
நாற்பது பேர், இருபத்தேழு விதம்.
தேசப்பன் ஒருத்தனுக்குள்ளேயே மூன்று:
ஒண்டுக்குடித்தனம்,
வாடகை மட்டும் அவன் கொடுக்கிறான், காய்ச்சலாய்.

மூடியில்லாத சின்டெக்ஸ் தொட்டியில் பிறந்த ஒருத்தி
ராத்திரி அவனைக் கடிப்பாள்,
பாதியில் அவன் கை ஓங்க
பக்கத்து மாடியில் பிபினிடம் போவாள்.
அவள் வயிற்றில் நடக்கும் கல்யாணத்துக்குப்
பத்திரிகை கிடையாது, ஜாதகம் கிடையாது,
நீங்க என்ன ஆளுங்க என்று கேட்கவும் ஆள் கிடையாது.
பிறக்கிற பிள்ளைகளுக்கு யார் ஜாடையும் முழுசாய் இல்லை.

"அப்போ தடுப்பூசி?"

நிலோஃபர் மடிக்கணினியைத் திருப்பினாள்.
வரிவரியாய் எழுத்து.
நடுவில் ஒன்றே ஒன்று மஞ்சளில்.
"கிருமியோட சட்டைத் துணி ஒண்ணைக் காட்டி
இவனைப் பிடின்னு உடம்புக்குச் சொல்றோம்.
வேற சட்டையில வந்தா
விட்டுடுது, சில சமயம்."

ஒரு எழுத்துதானே என்றேன்.
ஒரு எழுத்துதான் என்றாள்.

எங்கள் பக்கம் பழத்தைப் பயம் என்போம்.
நாலு வாயப்பயம் கேட்டால் கடைக்காரர் நாலு கொடுப்பார்,
யாரும் பயந்ததில்லை.
முதல் இன்டர்வியூவில்தான் ஒருவர்
நாக்கை மடிம்மா என்றார்,
மூன்று தரம் சொல்லவிட்டுச் சிரித்தார்.
வேலை தரவில்லை.
அந்த மாதிரிக் காதுதான் போல ஊசி தருவதும்.
பழம் என்றால் பாயும்.
பயம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவன்
அதன் எதிரிலேயே நடந்துபோய்
ஈரலில் படுத்துக்கொள்வான்.

"ரெண்டுலயும் 'ப' இருக்கே," என்றேன்,
"அதைப் பிடிச்சா ஆகாதா?"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"அதைத்தான் தேடறோம்.
மாறாததை மட்டும்
உள்ளே மடிச்சு வெச்சிருக்கு."

இன்று காலை தேசப்பன் மறுபடி.
ஐஸ் உடைக்கிறவன் வெயிலில் நடுங்கிக்கொண்டு.
நாலாம் நாளே மாத்திரையை நிறுத்தியிருக்கிறான்,
கேட்காமலே தெரியும்.
கண்ணாடியில் வளையம், ஓரத்தில் கல்.
பதிவேட்டில் அந்தக் கட்டம் ஒன்றரை அங்குலம்.
பேனா அங்கேயே நின்றது.

"இன்னாக்கா,
பயசா, புச்சா?"

எனக்கு உடனே புரிந்தது.
லென்ஸுக்குத்தான் தெரியவில்லை.