முதல் வகுப்புக்கு முன்

ஒரு சனிக்கிழமைக் காலையில் வாங்கியது
ஆயிரத்து ஐந்நூற்று முப்பது.
நான்கு வருடம் உட்கார்ந்து வாங்கியது
பெரும்பாலும் சி, சில பி,
ஓவியத்தில் மட்டும் ஓர் ஏ.
இரண்டும் ஒரே தாளில், ஒரே பெயருக்குக் கீழே:
ரெனெல் வெலெட், பன்னிரண்டாம் வகுப்பு,
மெய்ன் மாநிலத்தின் வடக்கு மூலை.
அதற்கு மேல் கனடாதான்.

செவ்வாயும் வியாழனும் மட்டும் வருகிற
ஆலோசகர் திருமதி ஹாஸ்கெல்
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல்
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இதில் எது நீ?"
கேட்டபிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது.
மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

பதினொரு கல்லூரிகள் எழுதினோம்.
விண்ணப்பக் கட்டணம் எழுபத்தைந்து டாலர் என்றதும்
நான்கை அடித்தேன்.
கேட்டால் கட்டணமே இல்லையாம்,
அது தெரிந்தபோது தேதி போயிருந்தது.

குடும்பத்தால் எவ்வளவு தர முடியும் என்று
கணினி ஓர் எண் சொன்னது.
அம்மா சிரிக்கத் தொடங்கினாள்,
காபி ஆறும்வரை சிரித்தாள்.
பிறகு அந்த எண்ணை
விதை உருளைக்கிழங்குச் சாக்கின் அட்டையில் எழுதி
குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தாள்,
தூரத்து உறவுக்காரரின் புகைப்படம்போல.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம்:
வேறு ஏதாவது விளக்க விரும்புகிறீர்களா?
இருநூற்றைம்பது சொற்களுக்கு இடம்.
மூன்று இரவு அதன் முன் உட்கார்ந்தேன்.
அப்பாவின் தோள்பட்டையை எழுதினேன், அழித்தேன்.
அனுதாபம் கேட்கிற குரல் எனக்கு வராது,
வந்தாலும் அது என் குரலாக இருக்காது.
கடைசியில் எழுதியது மூன்றே சொற்கள்:
வேதியியல் முதல் வகுப்பு.

மார்ச்சில் கடிதங்கள் வந்தன.
இரண்டு வருத்தம் தெரிவித்தன.
ஒன்று காத்திரு என்றது, எதற்கென்று சொல்லவில்லை.
ஒன்று வாழ்த்தியது, மேலே தங்க நிறத்தில் முத்திரை;
உதவித்தொகை என்ற தலைப்பின் கீழே
மூன்றாவது வரியில் கடன்,
அழைக்காத பந்தியில் இலைபோட்டு உட்கார்ந்தவன்போல,
கூச்சமே இல்லாமல்.
கூட்டலில் அதுவும் சேர்ந்திருந்தது.

ஒன்று கடிதம் போடவில்லை. போன் செய்தது.
வடக்கு டகோட்டாவில், பெயர் கேட்டால்
யாரும் "ஓ" என்று சொல்லாத ஒரு கல்லூரி.
ஓடெல் பிரான்ட்வோல்ட் பேசுகிறேன் என்றவர்
தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:
"முதல் வகுப்புக்கு முன்னால் என்ன இருந்தது?"

பனி, என்றேன்.
நான்கு மணிக்கு எழுந்து, அப்பாவின் லாரியில்
வங்கி வாசல், பல் மருத்துவமனை வாசல்,
மளிகைக் கடையின் பெரிய வாசல்,
எல்லாம் தள்ளி முடித்து,
ஈரக் காலுறையோடு வகுப்பில் உட்கார்ந்தால்
ஆவர்த்தன அட்டவணை கண்ணுக்குள் நீந்தும்.
ஏப்ரலில் என் மதிப்பெண் ஏறும், வேண்டுமானால் பாருங்கள்.
அவர் பக்கத்தில் காகிதம் புரளும் சத்தம்.
"ஆமாம், ஏறுகிறது" என்றார்.

படிப்புக்கட்டணம் முழுவதும் தந்தார்கள், சோதனை எண்ணுக்காக.
தங்க, தின்ன, போக எல்லாம் கூட்டிக் கழித்தால்
இரண்டாயிரத்து நூற்று நாற்பது டாலர் துண்டு விழுந்தது.
மே மாதம் அப்பா, யாரிடமும் கேட்காமல்,
லாரியின் முன்னிருந்த பனிக்கலப்பையைக் கழற்றி
வாசலில் விலை எழுதி வைத்தார்.

வாங்க வந்தவர் ஆயிரத்து தொள்ளாயிரத்துக்கு இறங்கினார்.
மீதி இருநூற்று நாற்பது இன்னும் இல்லை.
அவரோடு ஒரு பையன், என் வயதுகூட இருக்காது,
துருப்பிடித்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டே
எத்தனை மணிக்கு எழவேண்டும் என்று கேட்டான்.

நான்கு, என்றேன்.
முதல் வகுப்பு உனக்கு என்ன?

அல்ஜீப்ரா, என்றான்.

ஒரு நிமிடம் இரு என்று சொல்லி
உள்ளே போய்
நல்ல காலுறை இரண்டு ஜோடி எடுத்துவந்தேன்.