வெளிர்நீலத் தாள்

இருபத்தெட்டு நாள் ஒட்டியிருக்க வேண்டுமாம்.
வெளிர்நீலம்தான் சட்டப்படியான நிறம்.
ரொட்டி விலைக்கும்
காணாமல்போன பூனைக்கும் நடுவே
ருமியானா அதை ஒட்டினாள்,
நான்கு மூலையும் நீவி,
முழங்கால் சிராய்ப்புக்குப் பிளாஸ்திரி போடுகிறவள்போல.

மது விற்க உரிமம் கோரி.
காலை எட்டு முதல் இரவு பதினொன்று வரை.

கம்ப்ரியக் கடலோரத்தில்
எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் கடை.
சுரங்கத்துக்குப் பின்னால் வங்கி போனது,
வங்கிக்குப் பின்னால் தபால் நிலையம்.
பேருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை வந்து
யாருமில்லை என்று பார்த்துவிட்டுப் போகும்.

மாலைக்குள் எனிட் பெர்க்கெட் வாசலில் நின்றாள்,
பேனாவை நூலில் கட்டிய அட்டையோடு.
பெஞ்சில் பையன்கள் கூடுவார்கள் என்றாள்.
பூந்தொட்டியில் புட்டி கிடக்கும் என்றாள்.
பட்டியலின் முதல் கையெழுத்து
மதுவிடுதிக்காரர் கெல்வினுடையது,
பொதுநலம் கருதி.

நான் போடவில்லை.
தனியாக எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

ஆட்சேபிக்க நான்கு காரணம்தான் செல்லுமாம்:
குற்றம், பொதுப் பாதுகாப்பு,
அக்கம்பக்கத் தொல்லை, குழந்தைகள்.
நான்கையும் விரல் வைத்துப் படித்தேன்.
ராட்னி எதிலும் அடங்கவில்லை.

ஆறு வருஷம் நான்கு மாதமாக என் கணவர்
ஒரு சொட்டுத் தொடவில்லை.
காலையில் நாளிதழ் வாங்க
நடந்து போய், போனபடியே அவர் திரும்பிவருகிற
ஒரே கதவு அது.
அதன் பின்னால் பாலும் மெழுகுவத்தியும்
நாய்த்தீனியும் மட்டும் இருந்தன.

இதை எழுத இடமில்லை படிவத்தில்.
ஆகவே எழுதினேன்: வாகன நெரிசல்.
எங்கள் தெருவில் கார்கள் பதினொன்று.
எண்ணிப் பார்த்தேன். ஒன்று ஓடாது.

உறைக்கு அஞ்சல்தலை
வேறெங்கே கிடைக்கும்?

ருமியானா முகவரியைப் படித்தாள்.
உரிமப் பிரிவு, மாவட்ட மன்றம்.
நான் மிட்டாய் ஜாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
“இரண்டாம் வகுப்பு போதாது” என்றாள்.
“வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
முதல் வகுப்பு ஒட்டுங்கள்.”
மீதியை ஒரு பென்னி குறையாமல்
என் உள்ளங்கையில் வைத்தாள்.

விசாரணை அறையில்
மூன்று கவுன்சிலர்கள், ஒரு பிஸ்கட் தட்டு.
மின்கட்டண ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி
அவள் கொண்டுவந்திருந்தாள்.
பால் விற்ற காசு
பாலைக் குளிரவைக்கவே காணாது என்பதைச் சொல்ல
அவளுக்கு ஒன்றரை நிமிடம் ஆனது.
பல்கேரியாவில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்
என்று ஒருவர் கேட்டார்.
கணக்கு டீச்சர் என்றாள்.

பிறகு எழுத்தர் ஆதரவுக் கடிதங்களை எடுத்தார்.
இருந்தது ஒன்றே ஒன்று.

“நான் குடிகாரன். இப்போது குடிப்பதில்லை.
இந்தக் கடை மூடினால் நாளிதழுக்கு நான்
ஏழு மைல் தள்ளி சூப்பர்மார்க்கெட் போகவேண்டும்.
அங்கே புட்டிகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது.
என் பெயர் தெரிந்தவர் யாருமில்லை.
நான் கேட்டால் மட்டும் தரமாட்டேன் என்று
இந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.
நம்புகிறேன்.”

எழுத்தர் பக்கத்தைத் திருப்பியபோது
கையெழுத்து தெரிந்தது,
கடைசி எழுத்தின் வால் சற்றே நடுங்கி.

அதற்கும் முதல் வகுப்புத் தலைதானா
என்றுதான் முதலில் தோன்றியது எனக்கு.

கொடுத்துவிட்டார்கள். இரவு ஒன்பது வரை.
ஒற்றை டின் விற்கக் கூடாது.
எனிட் கோட்டுப் பொத்தானைத்
தப்பான துளையில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

ஊருக்குத் திரும்ப ஒரே பேருந்து.
ருமியானாவும் நானும் ஒரே இருக்கையில்,
நடுவே என் கைப்பை.
மழை பெய்கிற வயல்களைப் பார்த்தபடி
“வாகன நெரிசல்” என்றாள்.
“ஆமாம்” என்றேன்.

திங்கட்கிழமை
நாளிதழ்க் கம்பித்தட்டு கதவுக்கு வெளியே வந்திருந்தது,
பாலித்தீன் போர்த்தி.
யாரும் கேட்டிருக்கவில்லை.
ராட்னி ஒன்றை உருவிக்கொண்டு,
காசு கொடுக்க,
உள்ளேதான் போனார்.

எதிர்ச்சாரியில் நின்று
நான் கார்களை எண்ணினேன்.
பதினொன்று.
மறுபடியும் ஒன்றிலிருந்து.