மூன்றாவது பல்

தெற்கு மாரட் வீதியில் ஏழு கடை ஏறி இறங்கினேன்.
"எரு அள்ளவா, வைக்கோல் தள்ளவா?"
எறிய, என்றேன்.
எதை, யார் மேல் என்பதுபோல்
கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்தார்.

நாலு பல் கவை குப்பைக்கு ஆகும். வேண்டாம்.
மூன்று பல்லில் ஒன்றை எடுத்துச் சுண்டினேன்,
தகரச் சத்தம்.
இன்னொன்றைச் சுண்டினேன்,
கோயில் மணிபோல் இழுத்துக்கொண்டே போனது.
நாநூறு சொன்னார், முந்நூற்று நாற்பதில் முடிந்தது.
குத்திவிடுமே என்று கண்டக்டர் கத்த,
பழ வண்டியில் மூன்று எலுமிச்சை வாங்கி
பல்லுக்கு ஒன்றாய்ச் செருகிக்கொண்டு ஏறினேன்.
சோழவந்தான் வரை எனக்கு வழிவிட்டார்கள்.
முன்சீட்டுப் பிள்ளை
கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கடைக் காம்பு தடியாய் இருந்தது, தட்டிக் கழற்றினேன்.
வேம்பு கனக்கும். சவுக்கு சொல்லாமல் ஒடியும்.
வாடிப்பட்டிச் சந்தையில் சிலம்பக் கம்பு விற்பவனிடம்
கணு நெருங்கிய கெட்டி மூங்கில் ஒன்று.
நான் நாலடி பத்தங்குலம்,
கம்பு ஆறேகால் அடி இருக்கட்டும் என்று அறுத்தேன்.
கண்ணாடிச் சில்லால் கணுவைச் சீவி,
விளக்கெண்ணெய் விட்டு,
கிழிந்த நைட்டித் துணியால் உருவி உருவி
ஒன்பது ராத்திரி.
பூணுக்கு,
செத்துப்போன அடிகுழாயில் ஒரு வளையம்.
பிடிக்கிற இடத்தில் துணி சுற்றவில்லை.
வலது கை அங்கே நிற்கக் கூடாது, ஓட வேண்டும்.

எறிந்து பார்த்தேன்.
கவை மேலே போனது, கட்டும் போனது,
கவை திரும்பியது, கட்டும் திரும்பி
என் தலையிலேயே இறங்கியது.
இரண்டு நாள் கழுத்தெல்லாம் சுணை.
நடுப்பல் விடமாட்டேன் என்கிறது.

"நல்ல இரும்பு, யோசிச்சுக்க" என்றார் காஜா மைதீன்.
யோசித்துத்தான் வந்திருந்தேன்.
பட்டறையெல்லாம் பொறி.
சூலமாய்ப் போனது
பாம்பு நாக்காய்த் திரும்பியது.
மிச்சம் இரண்டையும் காய்ச்சிக் கொஞ்சம் நிமிர்த்தி,
உள்பக்கம் அரம், பிறகு உப்புத்தாள்,
பிறகு மெழுகுவர்த்தி.
அறுத்த பல்லை முந்தியில் முடிந்துகொண்டேன்,
காசு கொடுத்தது அல்லவா.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், லோடு சங்கத்துப் போட்டி.
சாக்கில் அடைத்த வைக்கோல், எட்டுக் கிலோ.
இரண்டு சவுக்குக் கம்பத்தின் நடுவே கயிறு.
பதினாலு ஆம்பளை, நான்.
மைக்கில் கூப்பிட்டார்கள்: "அடுத்து, போதும்பொண்ணு!"
ஐந்தும் பெண்ணாய்ப் பிறந்த வீட்டில்
ஆறாவதற்கு வைக்கிற பெயர்.
பதினாறடி தாண்டியது.
"போதுமா?" என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.
பதினெட்டு. "போதுமா?"
இருபதில் அவன் குரல் வரவில்லை.
இருபத்தொன்றில்
சாக்கு கயிற்றின் மேல் உட்கார்ந்து,
அந்தப் பக்கம் பார்த்து, இந்தப் பக்கம் பார்த்து,
என் பக்கமே விழுந்தது.

தாண்டியது ஒச்சப்பன்.
கிட்டப் போய்ப் பார்த்தேன், அவன் கவையிலும் இரண்டே பல்,
நடுவில் பழைய வெட்டுத் தழும்பு.
நாலு வருஷமாய் ஒரே லாரியில் ஏற்றுகிறோம்.
ஒரு வார்த்தை சொன்னானா.

விடிகாலை குமுளி லோடு.
என் கவை
இரண்டு கட்டுக்கு ஒன்றைப் பாதியிலேயே விட்டது.
"கொண்டாறியா கொட்டுறியா?" என்று டிரைவர் மேலிருந்து கேட்க,
சங்கத்துக் கவையை இரவல் வாங்கித்தான் ஏற்றி முடித்தேன்.
மதியம் ஒச்சப்பனும் அதே கவைக்கு வந்து நின்றான்.
கொடுத்தேன்.
பேசவில்லை.

இரண்டாம் பரிசு ஒரு வெள்ளாட்டுக் குட்டி.
அறுத்த பல்லை முளையாய் அடித்துக் கட்டினேன்.
சாயங்காலம் வந்து பார்த்தால்
முளையைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு
படப்பின் உச்சியில் நிற்கிறது,
எப்படி ஏறியதோ,
மென்றுகொண்டு.