அரை ஆள்

கடச்சனேந்தல் விலக்கில்
விடிகாலை ஆறிலிருந்து கோடு போடுகிறேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
ஏறியவர் பத்தொன்பது. இறங்கியவர் மூன்று.
நிற்காத பஸ்ஸை விரட்டிப் போய்
தகரத்தைத் தட்டிவிட்டுத் திரும்பியவன் ஒருவன்.
அவனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

உள்ளே இரண்டு கிலோமீட்டர்.
கருவேலங்காடு போன இடத்தில்
நானூற்றுப் பன்னிரண்டு மின் இணைப்பு.
வீட்டுக்கு மூன்றரைப் பேர் என்று
பெருக்கச் சொன்னார் பொறியாளர்.
அந்த அரை ஆளைத் தேடித்தான்
தெருத் தெருவாகப் போனேன்.

ஏழாம் தெருவில் தவமணி
மாவுக் கையோடு கதவைத் திறந்தாள்.
வேலைக்கு எதுல போறீங்க?
வேலைக்குப் போகலையே.
ஏன்?
பஸ் இல்லைல்ல.
பஸ் விட்டா ஏறுவீங்களா?
வேலை கெடச்சா.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஜவுளிக்கடையில் கூப்பிட்டார்களாம்.
ராத்திரி ஒன்பதரைக்குத்தான் விடுவார்கள்.
ஷேர் ஆட்டோ எட்டரையோடு சரி.

தற்போதைய பயணம்: பூஜ்யம்
என்று பேனாவால் எழுதினேன்.
தாளின் ஓரத்தில் பென்சிலால்
ஒரு கோடு.
அடுத்த வீட்டில் ஒன்று. எதிர்வீட்டு மாடியில் இரண்டு.
பத்தாம் தெருவுக்குள் ஓரம் நிறைந்துவிட்டது.

நாளைக்கு ஆபீசில் கேட்பார்கள்,
தாள் ஏன் இவ்வளவு அழுக்கு என்று.