நான்காம் மேசை

எஸ்தோனியா, டார்ட்டு, பிப்ரவரி. வெளியே
எமாயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
அட்டையில் இரண்டே தகவல்:
வயது எண்பத்தொன்று.
வேலை, ரயில் நிலைய அறிவிப்பாளர்.

மாரிகா கழுத்தைத் திறக்கிறாள்.
மூளையிலிருந்து குரல்வளைக்கு ஒரு சாண்தான் தூரம்.
இடப்பக்கத்து நரம்போ அங்கே நிற்பதில்லை.
வீட்டைத் தாண்டிப் போய்விடும் தபால்காரனைப்போல்
மார்புக்குள் இறங்கி,
பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் நுழைந்து,
மூச்சுக்குழாயை ஒட்டி
வந்த வழியே மேலேறுகிறது.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை
என்று திட்டலாம்.
ஆனால் கருவில், கழுத்தே இல்லாத வாரங்களில்,
இதயம் தாடையோரம் இருந்தது.
அன்றைக்கு இதுதான் நேர்வழி.
பிறகு இதயம் இறங்கியது,
கொக்கியில் மாட்டிய நூலாய் நரம்பையும் இழுத்துக்கொண்டு.

நான் திக்குவேன்.
'ப'வில் தொடங்கும் சொற்கள் எனக்குப்
பனிக்காலப் பேருந்துகள்.
அதற்கும் இந்த நரம்புக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.
இருந்தும் இடுக்கி நுனியில் அந்த வெள்ளை நூலைத்
தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்.

வால்கா வண்டி இருபது நிமிடம் தாமதம்:
ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி
இதயத்தின் வாசல்வரை போய்த்
திரும்பியிருக்கிறது.

"பார்த்தாயா, கார்மோ?" என்கிறார் பேராசிரியர் ஹெல்யு.

"ப... ப..."

மாரிகா எனக்காகச் சொல்லி முடிக்கவில்லை.
கத்தியைத் துடைக்கிறாள்.
மேசைமேல் இருப்பவளுக்கு
தாமதங்கள் பழக்கம்.